இணையத்தில் விவசாய விஷயங்களைத் தேடும் முறை

பயிரில் ஒரு பூச்சி தோன்றினாலும், நல்ல விதை வேண்டியிருந்தாலும், பட்டா நகல் தேவைப்பட்டாலும், புதுக்கோட்டை ஜில்லாவின் விவசாயிகளில் பலர் இக்காலத்தில் முதலாவதாகக் கைப்பேசியிலுள்ள தேடுபொறியையே நாடுகிறார்கள். கேட்கும் வகையறிந்து கேட்போருக்கு அது நல்ல துணையாகும். வகையறியாது கேட்போருக்கோ, ஒரு தவறான விடையால் மருந்துச் செலவும் ஒரு போகத்து மகசூலும் வீணாகக்கூடும்.

1998-ல் அமெரிக்காவில் ஸ்தாபிக்கப்பட்ட கூகிள் முதலிய தேடுபொறிகள், நாம் கேட்கும் சமயத்தில் உலகமெங்கும் சென்று தேடுவதில்லை. இணையப் பக்கங்களை முன்னதாகவே படித்து, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று அட்டவணை அமைத்து வைத்திருக்கின்றன. கிராம நிர்வாக உத்தியோகஸ்தர் சர்வே எண்ணைக் கொண்டு அடங்கலைப் புரட்டுவது போல, நாம் கொடுக்கும் சொற்களைக் கொண்டு அவை தம் அட்டவணையைப் புரட்டுகின்றன. எண் பிசகினால் பிறர் நிலம் கண்ணிற்படும். சொல் பிசகினால் வேறு விஷயம் வந்து சேரும்.

உளுந்துப் பயிரையே உதாரணமாகக் கொள்ளலாம். "உளுந்து" என்று மாத்திரம் எழுதினால், வடை சுடுவதும் களி கிண்டுவதும் எவ்வாறு என்ற விவரங்களும் வரும். "உளுந்து இலை மஞ்சள்" என்றால் சத்துக் குறைவு, நீர்த் தேக்கம், நோய் யாவும் கலந்து வரும். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்து, இலையின் அடியில் வெள்ளை ஈக்களும் காணப்படுமாயின், "உளுந்து மஞ்சள் தேமல் நோய் வெள்ளை ஈ" என்று எழுதுவதே தகும். இந்நோய் வைரஸால் உண்டாகி வெள்ளை ஈயால் பரவுவது. பற்றிய செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. அதை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்து, ஈயையும் கட்டுப்படுத்த வேண்டும். இவ்விடை கிடைத்தவர் பூஞ்சாண மருந்து வாங்கிப் பணத்தை விரயம் செய்யமாட்டார்.

தேடுவோர் மூன்று குறிகளை அறிந்திருத்தல் நலம்.

1. மேற்கோள் குறி: சொற்களை இதனுள் அடைத்தால், அதே வரிசையில் அச்சொற்கள் உள்ள பக்கங்கள் வரும். மஞ்சள் தேமலை எதிர்க்கும் சக்தியுள்ளதாக, இந்த ஜில்லாவின் வம்பனிலுள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலிருந்து 2016-ல் வெளியான உளுந்து ரகத்தை "வம்பன் 8" என்று இவ்விதமே தேடலாம்.

2. கழித்தல் குறி: வேண்டாத சொல்லின் முன் இடைவெளியின்றி இதை இட்டால், அச்சொல் உள்ள பக்கங்கள் விலகும். உளுந்து -வடை என்று எழுதுவது போலாம்.

3. "சைட்" என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும்: இவற்றை அடுத்து இடைவெளியின்றி ஒரு தளத்தின் விலாசத்தை எழுதினால், அத்தளத்தின் பக்கங்கள் மாத்திரம் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விலாசம் டி.என்.ஏ.யூ. டாட் ஏசி டாட் இன் என்பதாகும்.

விடை வந்தபின் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது யாருடையது என்பது. தலைப்பில் வருவனவற்றுள் பணம் கொடுத்து இடப்பட்ட விளம்பரங்களும் உண்டு. அவற்றின்மேல் அதற்குரிய குறிப்பு காணப்படும். நில ஆவணங்களுக்கும் உதவித் தொகைக்கும் உரிய சர்க்கார் தளங்களின் விலாசம் "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று முடிவடையும். அவ்வாறு முடியாத இடத்தில் ஆதார் எண்ணையும், கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் கொடுத்தலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வது பெரும் உபகாரம்.

இரண்டாவது, அது எவ்வாண்டில் எழுதப்பட்டது என்பது. எண்டோசல்பான் என்னும் மருந்தை உச்ச நீதிமன்றம் 2011-ம் ஆண்டு மே மாதத்தில் தடை செய்தது. அதற்கு முற்பட்ட பக்கங்களில் அம்மருந்தைத் தெளிக்கும்படி எழுதியிருக்கலாம். தேடுபொறி அதைத் திருத்தித் தருவதில்லை. இயந்திரமே தொகுத்து மேலே காட்டும் சுருக்க விடையிலும் பிழை நேர்வதுண்டு.

ஆகையால் மருந்தின் பெயரும் அளவும் சம்பந்தப்பட்ட விடை எதுவாயினும், டப்பாவின் மேலுள்ள சீட்டுடன் ஒத்துப் பார்த்து, வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்திலோ விசாரித்துத் தெளிந்த பின்னரே வயலில் இறங்குவது உத்தமம்.