பதில் சொல்ல ஆள் சேர்க்கும் வேலை

புதிதாக வாங்கிய சிம் கார்டு வேலை செய்யவில்லை. கால் சென்டருக்குப் போன் போடாமல், நிறுவனத்தின் இணையதளத்திலேயே உங்கள் கேள்வியை எழுதுகிறீர்கள். இதே சிக்கலில் மாட்டி மீண்ட இன்னொரு வாடிக்கையாளர் வழி சொல்கிறார். வாடிக்கையாளர்கள் இப்படி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இடம்தான் வாடிக்கையாளர் குழுமம். நிறுவனங்களுக்கு அதை உருவாக்கித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

இது நடக்கிற காரியமா? நடக்கிறது. பிரிட்டனில் கிஃப்காஃப் என்ற செல்போன் நிறுவனம் 2009இல் தொடங்கியபோது அதற்குக் கடையும் இல்லை, கால் சென்டரும் இல்லை. கேள்விகளுக்குப் பெரும்பாலும் உறுப்பினர்களே பதில் தருகிறார்கள். கணக்கு விவரம் பார்க்கவேண்டிய புகார்களை ஊழியர்கள் கவனிக்கிறார்கள். உதவுபவருக்குப் புள்ளிகள் சேரும். அவற்றைப் பணமாக வாங்கலாம், தொண்டு நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

அப்படியானால் மென்பொருளை நிறுவிக் கொடுத்தால் ஆலோசகரின் வேலை முடிந்ததா? இல்லை. அது வேலையின் சிறு பகுதி. கல்யாண மண்டபம் பிடித்தால் போதுமா, வந்தவர்களை ‘வாங்க’ என்று கூப்பிட ஆள் வேண்டாமா? கேள்வி கேட்டவருக்குப் பதில் வராவிட்டால் அவர் மறுபடி எட்டிப் பார்க்க மாட்டார். எனவே குழுமத்தை நடத்துபவர் காலையில் முதலில் பார்ப்பது பதிலே வராத கேள்விகளின் பட்டியலைத்தான். ஒவ்வொரு கேள்வியையும் விஷயம் தெரிந்த உறுப்பினருக்கு அனுப்புகிறார். ‘உதவி தேவை’ என்று மொட்டையாக இருக்கும் தலைப்பை, பின்னால் தேடுபவர் கண்ணில் படும்படி திருத்துகிறார். யாராவது தெரியாமல் எழுதிவிட்ட போன் நம்பரை அழிக்கிறார். சரியான பதிலை மேலே நிறுத்துகிறார். இந்தப் பழக்கங்களை நிறுவனத்துக்குக் கற்றுத்தருவதுதான் ஆலோசகர் செய்யும் உண்மையான வேலை.

எல்லா உறுப்பினர்களும் எழுதுவார்களா? மாட்டார்கள். இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு பொதுக் கணக்குச் சொன்னார்: நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார். அந்த ஒருவரைத் தக்கவைப்பதில்தான் குழுமத்தின் உயிர் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1993 முதலே, பிறருக்கு உதவும் பயனர்களுக்கு எம்விபி என்ற விருது கொடுத்து மதிக்கிறது.

சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவதாகாதா? ஆகலாம். ஆட்குறைப்புக்காக மட்டும் குழுமம் கேட்கும் நிறுவனத்திடம் ஆலோசகர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். உதவுகிறவருக்கு மரியாதை, புதிய வசதிகளை முதலில் பார்க்கும் வாய்ப்பு, அவர் சொல்லும் குறையைத் திருத்தும் நேர்மை, இவை மூன்றும் கிடைக்காத இடத்தில் குழுமம் நிலைக்காது. அப்படிப்பட்ட வேலையை ஏற்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

இந்தத் தொழிலுக்கு வந்தால் உங்களுக்கு உள்ள ஆபத்து என்ன? செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகத்தின் கண் முதலில் குழுமத்தின் மேல்தான் விழும். ‘எத்தனை பேர் சேர்ந்தார்கள்’ என்று கணக்குக் காட்டுவது உங்களைக் காப்பாற்றாது. எத்தனை கேள்விகள் ஊழியர் தலையிடாமல் தீர்ந்தன, முதல் பதில் எவ்வளவு நேரத்தில் வந்தது, குழுமம் சொன்ன எந்தக் குறை திருத்தப்பட்டது என்று மாதாமாதம் எழுதி வையுங்கள்.

சாட்பாட் (தானாகப் பதில் தரும் மென்பொருள்) வந்தபின் இதற்கெல்லாம் தேவை இருக்குமா? எளிய கேள்விகள் அதனிடம் போய்விடும். ஆனால் நேற்று வந்த அப்டேட்டால் இன்று எழுந்த சிக்கலுக்கு, அதை நேரில் அனுபவித்தவர் எழுதினால்தான் சாட்பாட்டுக்கும் பதில் கிடைக்கும்.

எதைப் படித்தால் இந்த வேலைக்கு வரலாம்? இதற்கென்று பட்டம் கட்டாயமில்லை. வாடிக்கையாளர் சேவையிலிருந்தோ, மென்பொருளுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதும் வேலையிலிருந்தோ வரலாம். சென்னையின் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்துக்கும் இப்படியொரு குழுமம் உண்டு. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு மென்பொருளின் குழுமத்துக்குப் போய், பதில் வராமல் கிடக்கும் கேள்விகளில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்கு இன்றே பதில் எழுதுங்கள்.