சட்டைக்குள் கைத்துப்பாக்கி: விலை லட்சத்துக்கு மேல், வில்லங்கம் அதற்கும் மேல்!

வன்னியம்பட்டி,-

ராஜபாளையத்தில் கடையைச் சாத்திவிட்டு, அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு, ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வண்டியைத் திருப்பும் வியாபாரிகள் உண்டு. வன்னியம்பட்டி விலக்கு வரும்போது ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வெளிச்சம் விடாமல் வந்தால் நெஞ்சு 'திக்' என்று இருக்கும்.

"இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்தால் எவன் கிட்டே வருவான்?" என்று அப்போது தோன்றுவது இயற்கை.

வாங்கலாம். சட்டம் அடியோடு தடுக்கவில்லை. ஆனால் சினிமாவில் மேஜை டிராயரைத் திறந்து எடுப்பது போன்ற காரியம் அல்ல இது. எந்த ரகம், என்ன விலை என்று பார்ப்பது இங்கே கடைசி வேலை. ஆபத்து உண்மைதான் என்று அதிகாரிகளுக்குக் காட்டுவதுதான் முதல் வேலை. இரண்டும் முடிந்த பிறகும், அந்தத் துப்பாக்கி ரோட்டில் உயிரைக் காக்குமா என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

உரிமை அல்ல, அனுமதி!

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று 1791-ம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்து விட்டார்கள். வெளியே கொண்டு போவதும் அந்த உரிமையில் அடங்கும் என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜூன் மாதம் தீர்ப்பு கூறியது. அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாட லைசென்சே தேவை இல்லை.

நம் நாட்டில் கதை வேறு. வெள்ளைக்காரன் 1878-ம் ஆண்டு கொண்டு வந்த ஆயுதச் சட்டம், லைசென்சு இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைக்கக் கூடாது என்றது. ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு! அந்தச் சட்டம் இருக்கும்போதே, 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் பிரவுனிங் பிஸ்டலால் கலெக்டர் ஆஷைச் சுட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்சு முறை தொடர்கிறது. ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை என்று நம் அரசியல் சட்டம் சொல்லவில்லை. லைசென்சு இல்லாத துப்பாக்கிகள் பற்றிக் கவலை தெரிவித்த சுப்ரீம் கோர்ட்டு, 2023 பிப்ரவரியில் இதைச் சுட்டிக்காட்டியது.

யாரிடம் மனு?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் மாவட்ட கலெக்டரிடம் மனு செய்ய வேண்டும். மதுரை மாநகரம் போன்ற இடங்களில் போலீஸ் கமிஷனரே அதிகாரி. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி மனுவோடு அடையாளச் சான்று, இருப்பிடச் சான்று, உடலும் மனமும் நன்றாக இருப்பதாக டாக்டர் சான்று ஆகியவை வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும் சான்று கேட்பார்கள்.

மனு போலீஸ் விசாரணைக்குப் போகும். மனுதாரர் மீது வழக்கு உண்டா, யாரோடாவது பகை உண்டா, ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து போலீசார் அறிக்கை அனுப்புவார்கள்.

இங்கேதான் பலருடைய மனு அடிபடுகிறது. தொழில், வேலை காரணமாக உயிருக்கோ சொத்துக்கோ உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். மிரட்டல் வந்தது என்றால் போலீசில் கொடுத்த புகார் எங்கே? பணம் கொண்டு போகிறேன் என்றால் கணக்கு எங்கே? "கௌரவத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்பது காரணம் ஆகாது.

ஒரு விஷயம் சின்ன வியாபாரிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி லைசென்சை மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மனுவைத் தள்ளினால் மேல்முறையீடு செய்யலாம்.

2019 டிசம்பரில் அமலான திருத்தத்தின்படி, லைசென்சு 5 ஆண்டுகள் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். முன்பு 3 வரை வைத்திருக்க முடிந்தது.

ரிவால்வரா, பிஸ்டலா?

லைசென்சு கையில் வந்த பிறகுதான் கடைப் படி ஏற முடியும். லைசென்சு இல்லாதவருக்குத் துப்பாக்கி மட்டும் அல்ல, ஒரு தோட்டா கூட விற்க முடியாது.

போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட ரகம். சாதாரணமாகக் கிடைப்பது '32' என்று சொல்லப்படும் அளவுதான். அதில் இரண்டு வகை.

ரிவால்வர்: சுழலும் உருளையில் 6 தோட்டா போடலாம். வேலை செய்வது சுலபம், கோளாறு குறைவு. ஆனால் உருளை புடைத்துக்கொண்டு நிற்பதால் சட்டைக்கு மேலே தெரியும்.

பிஸ்டல்: தட்டையாக இருக்கும், மறைப்பது சுலபம். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் 'மேகசினில்' இருக்கும். ஆனால் பழக்கம் வேண்டும். அவசரத்தில் கை தடுமாறினால் சுடாது, அல்லது சுடக் கூடாத நேரத்தில் சுடும்.

இரண்டும் '32' என்றாலும் ரிவால்வர் தோட்டாவும் பிஸ்டல் தோட்டாவும் ஒன்று அல்ல. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது.

உள்நாட்டுக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்குதான். டெல்லி மாணவிக்கு 2012 டிசம்பரில் நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்காக என்று கான்பூர் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டு வந்தது. எடை சுமார் அரைக் கிலோ. விலையோ அப்போதே ரூ.1 லட்சத்து 22 ஆயிரம்! "தினமும் பஸ்சில் போகும் பெண்ணால் இதை வாங்க முடியுமா?" என்ற கேள்வி அன்றே எழுந்தது.

2023 ஆகஸ்டில் கான்பூரில் இருந்தே 'பிரபல்' ரிவால்வர் வந்தது. எடை 700 கிராம். 50 மீட்டர் வரை சுடும் என்று அறிவித்தார்கள். 'அஷனி' என்பது அரசுத் தொழிற்சாலையின் '32' பிஸ்டல்.

விலையோடு வரியும் உண்டு. ரிவால்வர், பிஸ்டலுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆகிவிட்டது. லட்ச ரூபாய் சரக்குக்கு வரி மட்டும் ரூ.40 ஆயிரம்!

வெளிநாட்டுத் துப்பாக்கியை ஆளாளுக்கு இறக்குமதி செய்வதற்கு 1980-களிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகள் கைமாறும்போது பல லட்சம் விலை சொல்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வாங்குவதாக இருந்தாலும் இருவருக்கும் லைசென்சு விவகாரம் சரியாக இருக்க வேண்டும். விற்பவர் 45 நாள் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

"எனக்குத் தெரிந்தவர் ஒருவர் குறைந்த விலைக்கு முடித்துத் தருவார்" என்று எவராவது காதைக் கடித்தால், வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு ஜெயில். கள்ளத்தனமாகச் செய்தாலோ விற்றாலோ குறைந்தபட்சமே 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகும். கள்ளத் துப்பாக்கி எதிரியைச் சுடும் முன்பு, பிடித்திருப்பவன் கையிலேயே வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

வேட்டி மடிப்பில் சொருகலாமா?

கூடாது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை, அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்கேற்ற பையில் வைத்திருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். எப்போதும் அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதாவது, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளச் சொல்வதே நம் சட்டம்தான்! வேட்டி மடிப்பில் சொருகுவதும், வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் விதிக்கு விரோதம்.

எல்லா இடத்துக்கும் கொண்டு போகவும் முடியாது. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலையம் ஆகியவற்றுக்குத் தடை உண்டு. ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்துக்குள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போனால் லைசென்சே போய்விடும். செண்பகத்தோப்பு பக்கம் சரணாலயக் காட்டுக்குள் ஆயுதத்தோடு நுழைவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். லைசென்சு இருக்கிறது என்பது அங்கே செல்லாது. அந்த மலைக்காடு 2021-ம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்.

கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடும் வடநாட்டு வழக்கத்துக்கும் 2019 திருத்தம் 2 ஆண்டு வரை ஜெயில் என்று சொல்லிவிட்டது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கும்படி உத்தரவு வரும். வைத்திருந்தவர் இறந்துவிட்டால் மகன் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட முடியாது. ஒப்படைக்க வேண்டும், அல்லது தன் பெயரில் லைசென்சு வாங்க வேண்டும்.

சுட்டால் என்ன ஆகும்?

வழிப்பறிக்காரன் முன்னால் நின்று சவால் விட்டு வருவதில்லை. பின்னால் இருந்து வருகிறான். வண்டியை இடித்துத் தள்ளுகிறான். கீழே விழுந்தவர் சட்டையைத் தூக்கி, உறையைத் திறந்து, குறி பார்ப்பதற்குள் பணப்பை போயிருக்கும். சில நேரம் துப்பாக்கியும் சேர்ந்து போகும். அப்புறம் அந்தத் துப்பாக்கியால் எங்கே என்ன நடந்தாலும் விசாரணை முதலில் லைசென்சுக்காரர் வாசலுக்குத்தான் வரும்.

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. கொள்ளை, உயிருக்கு ஆபத்து போன்ற நேரங்களில் எதிரியின் உயிர் போனாலும் சட்டம் பாதுகாக்கும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால், புகார் கொடுக்க வேண்டியவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். எது தேவை, எது அதிகம் என்று கோர்ட்டு ஆண்டுக்கணக்கில் ஆராயும். சுடுகிறவருக்குக் கிடைப்பது இரண்டு வினாடி!

திருடன் மட்டும்தான் எதிரே வருவான் என்பதும் இல்லை. 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்ட வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் வழிப்பறிக்காரன் அல்ல, அவரோடு பல படங்களில் நடித்த எம்.ஆர்.ராதா. கழுத்தில் பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் குரலைக் கடைசிவரை மாற்றிவிட்டது. ராதா ஜெயிலுக்குப் போனார். கோபமும் துப்பாக்கியும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று அன்று தமிழ்நாடே பார்த்தது.

வேறு வழி உண்டா?

உண்டு. செலவும் குறைவு.

வசூலைப் பகலிலேயே பாங்கியில் கட்டலாம். ராத்திரி கொண்டு போகும் பணம் குறைந்தால் ஆபத்தும் குறைகிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், தனியாகப் போவதை விடலாம். இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து புறப்படலாம். சந்தேக நடமாட்டம் இருந்தால் வன்னியம்பட்டி போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரோந்து கேட்கலாம். அந்தப் புகார் நகல், பின்னால் லைசென்சு மனு போட நேர்ந்தாலும் உதவும். அவசரத்துக்கு 100, 112 எண்கள் இருக்கின்றன. 2022-ம் ஆண்டு தமிழ்நாடு போலீஸ் கொண்டு வந்த 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது.

வீட்டுக்குக் காவல் வேண்டும் என்றால், ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் ராஜபாளையம் நாய் இருக்கிறது. அதற்கு லைசென்சு விசாரணை இல்லை, தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கவும் வேண்டாம்!

இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான மிரட்டல் உள்ளவர்கள் தாராளமாக மனு செய்யலாம். அவர்களுக்காகத்தான் சட்டம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. மனுவில் 'எதற்காகத் துப்பாக்கி தேவை?' என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு 'ஆசை' என்பதைத் தவிர எழுத வேறு பதில் இல்லாதவர்கள், விருதுநகருக்குப் பஸ் ஏறும் செலவை மிச்சம் பிடிக்கலாம்.