பழைய ஜீப்பில் சத்தமும் ஆயில் கசிவும்: உழவரே கண்டறியும் முறை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரத்தில் மா, தென்னைத் தோப்பு வைத்திருப்போர் சிலரிடம் பழைய ஜீப் இன்றும் உழைத்து வருகிறது. மகிந்திரா நிறுவனம் தொடக்கத்தில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. பின்னர் வந்த சி.ஜே. 500, எம்.எம். 540 வகைகளும் அந்த வழியில் வந்தவையே. உரமூட்டையும் காயும் ஏற்றி, ஓடை கடந்து, மேடேறும் இவ்வண்டியில் சத்தமோ கசிவோ தோன்றினால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. சத்தம் எப்பொழுது எழுகிறது, ஆயில் எங்கே விழுகிறது என்னும் இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது இருக்கும் இடத்தை அவையே காட்டிவிடும்.

விசை செல்லும் வழி

என்ஜினின் விசை கிளட்ச், கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்பர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து முன்னும் பின்னும் செல்லும் இரு புரொப்பல்லர் ஷாப்டுகள் அதனை டிபரன்ஷியல்களுக்குக் கொடுக்கின்றன. டிபரன்ஷியலில் உள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் அதனை ஆக்ஸில் வழியே சக்கரங்களுக்குத் திருப்புகின்றன.

சத்தத்தைக் கொண்டு அறிதல்

1. வண்டியை நகர்த்தும்பொழுதும், ரிவர்ஸுக்கு மாற்றும்பொழுதும் ‘டக்’ என்று ஒரு அடி கேட்டால், புரொப்பல்லர் ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். என்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஷாப்டைக் கையால் இருபுறமும் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டும். மெதுவாகச் செல்லும்பொழுது ‘கீச் கீச்’ என்றால் அதில் கிரீஸ் வற்றியிருக்கும்.

2. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளைச் சத்தம் கூடி, காலை எடுத்தால் சத்தம் மாறுமானால் கிரவுன், பினியனைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் டிபரன்ஷியல் ஆயில் அளவைப் பாருங்கள்.

3. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்துக்கேற்ப உறுமினால் சக்கரப் பேரிங்காக இருக்கலாம். வண்டி வலப்புறம் திரும்பும்பொழுது சத்தம் கூடினால், பாரம் ஏறும் இடப்புறச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

4. வண்டி நியூட்ரலில் நிற்கும்பொழுது கேட்கும் சத்தம், கிளட்சை மிதித்ததும் நின்றால் கோளாறு கியர் பாக்ஸின் முன் பேரிங்கில் இருக்கலாம். மிதித்தவுடன் சத்தம் தொடங்கினால் கிளட்ச் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் போட்டுத் திரும்பினால் வண்டி முனகித் திக்கும். இது பழுதன்று. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். இரண்டையும் டிரான்ஸ்பர் கேஸ் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் பற்சக்கரங்கள் முறுக்கேறுகின்றன. மணல், சேறு, ஈரத்தரை ஆகியவற்றில் மட்டுமே அதனைப் பயன்படுத்த வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

கசிவைக் கொண்டு அறிதல்

இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்தையும், அதன் நிறம், மணம், பிசுபிசுப்பு ஆகியவற்றையும் பாருங்கள். கெட்டியாகவும் கந்தக நெடியுடனும் இருப்பது கியர் ஆயில். கறுத்து, அதைவிட நீர்த்திருப்பது என்ஜின் ஆயில். மிகவும் நீர்த்து, பட்ட இடத்தில் பெயிண்டை அரிப்பது பிரேக் ஆயில்.

ஆயில் சீலை மாற்றுவதற்கு முன் ஆக்ஸில் மேலுள்ள பிரீதர் என்னும் காற்றுத்துளையைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால், உள்ளே சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். துளையைச் சுத்தம் செய்யாமல் புதுச்சீல் போட்டாலும் கசிவு நிற்காது.

கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து, டிரான்ஸ்பர் கேஸில் கூடியிருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்திருக்கும். வெளியே சொட்டு விழாமலே இது நடக்கும். ஆகவே இரண்டின் அளவையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

ஓடையைக் கடந்த பின்

வடகிழக்குப் பருவமழையில் செண்பகத்தோப்பு, சேத்தூர், தேவதானம் பகுதிகளில் ஓடைகளில் நீர் வரும். சூடான டிபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர், சீல் வழியாக நீரை உறிஞ்சும். எனவே ஆழமான நீரில் சென்ற பின் ஆயிலைச் சிறிது எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால் முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். நீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும். சில லிட்டர் ஆயிலைச் சேமிக்கப் போய்க் கிரவுன், பினியனையே மாற்ற நேரிடும்.

வடிக்குமுன் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது திறக்காவிட்டால் வடித்த பின் ஆயில் ஊற்ற இயலாது. வடித்த ஆயிலில் சாம்பல் நிற மெல்லிய பசை இருப்பது இயல்பு. விரலில் குத்தும் இரும்புத் துணுக்குகள் இருந்தால் பட்டறைக்குச் செல்ல வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கையேட்டில் கூறிய தர ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். வடித்த ஆயிலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

உடனே கவனிக்க வேண்டியவை

பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். கியர் ஆயிலானால் ஹப் சீல் போய், பிரேக் லைனிங் நனைந்திருக்கும். பிரேக் ஆயிலானால் சக்கர சிலிண்டர் கசிகிறது. நனைந்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றவே வேண்டும்.

பல பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. அது டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், ஷாப்டின் மீது உள்ளது. அங்குள்ள சீல் கசிந்தால் கை பிரேக் பிடிக்காது. பாரத்துடன் சரிவில் நிறுத்திய வண்டி உருண்டுவிடும். கை பிரேக் நன்றாக இருந்தாலும், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் டிபரன்ஷியல் அச்சக்கரத்தைச் சுழலவிடும். அதனால் வண்டி நகரலாம். புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றினாலும் இதே நிலைதான். எனவே எப்பொழுதும் தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

சத்தம் எழும் நேரம், வேகம், கியர், ஆயில் விழுந்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பழுதான இடத்தை மட்டும் அவர் பிரித்துப் பார்க்க அது உதவும்.