விலை ஒன்று, பில் வேறு: வெளிநாட்டில் ஏமாறாமல் இருக்க

விமான டிக்கெட்டை இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வாங்கிவிடுகிறோம். ஹோட்டல் அறையையும் அப்படியே பதிவு செய்கிறோம். ஆனால் போகும் ஊரில் பணம் எப்படியெல்லாம் பறிபோகும் என்பதை அதே கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் குறைவு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களில் பலர் பிள்ளைகளைப் பார்க்கவோ, சுற்றுலாவாகவோ சிங்கப்பூர், தாய்லாந்து என்று புறப்படுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது திருட்டுப் போகும் பணத்தைப் பற்றி அல்ல. நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் பணத்தைப் பற்றி. இவ்வகை ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்புதான். முதலில் ஒரு விலை சொல்வார்கள். நாம் சரி என்று தலையாட்டிய பிறகு, அந்த விலையோடு இன்னொன்று வந்து சேரும்.

சிம் லிம் ஸ்கொயரில் நடந்தது

கம்ப்யூட்டர், கேமரா, மொபைல் போன் என்று எலெக்ட்ரானிக் பொருட்களுக்குப் பெயர் பெற்ற பல மாடிக் கடைத்தொகுதி, சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயர். 2014 நவம்பரில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, அங்கிருந்த ஒரு கடையில் தன் காதலிக்குப் பரிசளிக்க ஐபோன் 6 வாங்கினார். விலை 950 சிங்கப்பூர் டாலர் என்றார்கள். பணத்தைக் கட்டி, நீட்டிய தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன் பிறகுதான், உத்தரவாதத்திற்கு மேலும் 1,500 டாலர் தர வேண்டும், இல்லாவிட்டால் போன் கிடையாது என்றார்கள். போன் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கடையிலேயே மண்டியிட்டுக் கெஞ்சினார். அந்தக் காட்சி வீடியோவாகி இன்டர்நெட்டில் பரவியது. கொதித்துப்போன சிங்கப்பூர் மக்கள் அவருக்காக இன்டர்நெட் மூலம் பணம் திரட்டினார்கள். அவரோ தன் இழப்புக்கு ஈடான தொகையை மட்டும் பெற்றுக்கொண்டார். கடை உரிமையாளருக்கு 2015இல் 33 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதிய போனுக்கு ஓராண்டு உத்தரவாதத்தை ஆப்பிள் நிறுவனமே தனிக் கட்டணம் இல்லாமல் தருகிறது. அந்த ஒரு தகவல் முன்பே தெரிந்திருந்தால், 1,500 டாலர் என்ற பேச்சு எழுந்ததுமே எதிர்க்கேள்வி கேட்டிருக்கலாம். இப்படிப்பட்ட தகவல்கள் எல்லாம் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கின்றன.

ஆகவே வெளிநாட்டில் லேப்டாப்போ போனோ வாங்கும் எண்ணம் இருந்தால், வீட்டிலேயே மூன்று வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள்.

1. வாங்க விரும்பும் பொருளின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்புகளில் மெமரியும் புராசசரும் வேறுபடும். மாடல் எண்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

2. அந்த நாட்டில் அதன் விலை என்ன, இந்தியாவில் என்ன விலை என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. அங்கு தரும் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். செல்லாது என்றால், சில ஆயிரம் ரூபாய் விலை குறைவு என்பது பெரிய லாபமில்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். “வரி, உத்தரவாதம், சார்ஜர் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? தாளில் எழுதிக் கொடுங்கள்.” எழுதித் தரும் வரை பணத்தையோ, கார்டையோ, பாஸ்போர்ட்டையோ கையிலிருந்து விட வேண்டாம். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி வரி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். வரி வசூலிக்கும் கடைகள், வரியையும் சேர்த்த விலையைத்தான் பொருளின் மீது எழுதி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. எழுதிய விலைக்கு மேல் வரி தனி என்று எலெக்ட்ரானிக் கடையில் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இலவசப் படிவத்திற்குக் கட்டணம்

சில ஏமாற்று வேலைகள் நாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்துவிடுகின்றன. சிங்கப்பூர் செல்பவர்கள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற டிஜிட்டல் வருகைப் படிவத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டுமே இலவசம். ஆனால் தேடுதளத்தில் இவற்றின் பெயரைக் கொடுத்துத் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். அவற்றில் படிவத்தை நிரப்பினால் கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்பார்கள். பணம் போவதோடு, உங்கள் பாஸ்போர்ட் விவரங்களும் முன்பின் தெரியாத யாரிடமோ போய்ச் சேரும்.

பிரவுசரின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தைப் பாருங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்பதுதான் முக்கியம். சிங்கப்பூர் அரசுத் தளம் ‘ஜிஓவி, புள்ளி, எஸ்ஜி’ என்றும், தாய்லாந்து அரசுத் தளம் ‘ஜிஓ, புள்ளி, டிஎச்’ என்றும் முடியும். சிங்கப்பூர், தாய்லாந்து என்ற சொற்கள் முகவரியின் நடுவில் எங்கோ இருப்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். அப்படி ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

ரூபாயிலா, டாலரிலா?

கார்டு இயந்திரத்தில் நடக்கும் இழப்பு இன்னும் நுட்பமானது. இது சட்டப்படியே நடக்கிறது. கடையிலோ ஹோட்டலிலோ இந்தியக் கார்டைக் கொடுத்தால், ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர்ப் பணத்தில் செலுத்துகிறீர்களா என்று இயந்திரம் கேட்கும். நம் பணம்தானே என்று பலரும் ரூபாயைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல. கடைக்காரருக்கு இயந்திரம் தந்த நிறுவனம். அது தன் லாபத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும்.

எடுத்துக்காட்டாக, ஹோட்டல் பில் 300 டாலர், ஒரு டாலர் 70 ரூபாய் என வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 21,000 ரூபாய். இயந்திரத்தின் விகிதம் 5 சதவீதம் கூடுதல் என்றால் 22,050 ரூபாய். உங்கள் வங்கியும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் வாங்கும். ஆனால் அது எவ்வளவு என்று கிளம்பும் முன்பே வங்கியின் தளத்தில் பார்த்துக்கொள்ள முடியும். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் தளங்களில் அன்றன்றைய விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டும் வசதியும் இருக்கிறது.

எந்தப் பணத்தில் செலுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கே உரியது. நான் தங்கிய ஒரு ஹோட்டலில், பணியாளர் என்னைக் கேட்காமலேயே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு இயந்திரத்தை நீட்டினார். திரையைப் பார்த்துவிட்டு, “உள்ளூர்ப் பணத்திலேயே போடுங்கள்” என்றேன். அவர் அதை ரத்து செய்து மீண்டும் போட்டுக் கொடுத்தார். வாக்குவாதம் எதுவும் தேவைப்படவில்லை. ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதுதான். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் உண்டு. எனவே சிறிது சிறிதாகப் பல முறை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டே வரும். வங்கியின் தளத்திலோ ஆப்பிலோ நீங்கள்தான் அதைத் திறக்க வேண்டும். திறக்கும்போதே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது’

பாங்காக்கின் கிராண்ட் பேலஸ் அருகே நல்ல உடை அணிந்த ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடல், குறைந்த கட்டணத்தில் வேறு இடங்களைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஆட்டோ போன்ற டுக்டுக் வண்டியில் ஏற்றிவிடுவார். வண்டி கடைசியில் போய் நிற்பது ரத்தினக் கல் கடையில். பல ஆண்டுகளாக நடக்கும் வித்தை இது. அரண்மனையின் பார்வை நேரத்தை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்து, ஒரு பிரிண்ட் எடுத்துச் சென்றால் போதும். டாக்சியில் மீட்டர் போடச் சொல்லுங்கள். இல்லையேல், கட்டணத்தை முன்பே காட்டும் கிராப் போன்ற ஆப்பைப் பயன்படுத்துங்கள். அங்கும் சுங்கச் சாலைக் கட்டணம் தனியாக வருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எக்செல் தரும் உதவி

எக்செல்லில் ஒரு சிறிய அட்டவணை போடலாம். எஃப்1 செல்லில் அன்றைய மாற்று விகிதத்தைத் தாருங்கள். ஏ நெட்டு வரிசையில் பொருளின் பெயர், பி வரிசையில் அந்நாட்டு விலை. சி2 செல்லில் சமக்குறி போட்டு, பி2 செல்லில் கிளிக் செய்து, பெருக்கல் குறியான நட்சத்திரத்தைத் தட்டி, எஃப்1 செல்லில் கிளிக் செய்து எஃப்4 கீயை அழுத்துங்கள். பிறகு என்டர் தட்டி, அந்த பார்முலாவைக் கீழே இழுத்துவிட்டால் எல்லா விலையும் ரூபாயில் கிடைக்கும். சில லேப்டாப்புகளில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால், பில்லையும் கார்டு ரசீதையும் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் கேஸ் எனப்படும் நுகர்வோர் சங்கத்திடமோ, சிறு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்திடமோ முறையிடலாம். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கார்டில் தெரிந்தால், ஊர் திரும்பும் வரை காத்திருக்காமல் அங்கிருந்தே வங்கிக்குத் தெரிவியுங்கள். வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணையும், 1155ஐயும், நம் தூதரகத்தின் எண்ணையும் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி, போனிலிருந்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போனே தொலைந்தாலும் அந்தத் தாள் கைகொடுக்கும்.