ஏட்டுச் சுவடியும் படப்புள்ளிக் கணக்கும்

பனையோலை நெடுநாள் நிற்கும் பொருளன்று. ஆதலின் நம் முன்னோர், ஓர் ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்துப் பிறிதோர் ஏட்டில் எழுதிவைத்தனர். 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் அங்ஙனம் காக்கப்பெற்ற ஏடுகளைக் கொண்டேயாம். இந்நாளில் அப்பணிக்கு எண்முறை நிழற்படம் துணைநிற்கின்றது. அப்படம் எத்துணை நுண்மையுடையதாதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

நாம் முதன்முறை ஓர் ஏட்டினை முழுநீளமும் அடங்கப் படமெடுத்துப் பெரிதாக்கி நோக்கினோம். ஓரிடத்தில் நின்றது ககரமோ தகரமோ எனத் துணியக் கூடவில்லை. பிழை எங்குளது எனக் கணக்கிட்டபோதே உண்மை விளங்கிற்று.

எண்முறைப் படமாவது நிரைநிரையாய் அமைந்த படப்புள்ளிகளின் தொகுதி. ஒரு புள்ளிக்கு ஒரு நிறமே உண்டு. ஒரு கீற்றும் அதனை அடுத்த வெளியும் பிரிந்து தோன்ற, அவ்விரண்டிற்கும் சேர்த்து இரண்டிற்கு மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். 1928இல் ஹாரி நைக்விஸ்ட் தந்திக்குறிகளை ஆராய்ந்து கண்டதும், 1949இல் கிளாட் ஷானன் விளக்கி நிறுவியதுமான விதியினின்று இது பெறப்படும். ஆயினும் இது கீழெல்லையே. இரு புள்ளிகளின் நடுவே விழும் கீற்று மங்கிவிடுமாதலின், கீற்றின் அகலத்திற்கே இரண்டு புள்ளிகள் கொள்ளுதல் நன்று.

ஓர் ஏட்டின் நீளம் 400 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர், எழுத்தாணிக் கீற்றின் அகலம் 0.1 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். மில்லிமீட்டர் ஒன்றிற்கு 20 புள்ளிகள் வேண்டும். அஃதாவது அங்குலத்திற்கு 508. ஏடு முழுமைக்கும் நீளத்தில் 8,000, அகலத்தில் 600. பெருக்க வருவது 48 லட்சம். நீளத்தில் 6,000, அகலத்தில் 4,000 புள்ளிகளையுடைய காமிராவில் மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள. ஐந்து மடங்கு இருக்கின்றதே என மகிழ்தல் தவறு. நீளவாட்டில் உள்ளவை 6,000 மட்டுமே. ஆகவே மில்லிமீட்டருக்கு 15 புள்ளிகளும், கீற்றிற்கு ஒன்றரைப் புள்ளியுமே கிட்டும். நாம் வழுவியது இவ்விடத்தேதான். ஏட்டின் இரு பாதிகளையும், நடுப்பகுதி இரண்டிலும் அமையுமாறு, தனித்தனியே எடுத்தலே தீர்வு. பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்தெடுத்து, 10 மில்லிமீட்டருக்கு 200 புள்ளிகள் உளவா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். கீற்றின் விளிம்பு தெளிவாகவுளதா எனவும் நோக்குதல் வேண்டும். மங்கிய படத்தில் புள்ளிகள் மிகுந்தும் பயனில்லை.

புள்ளிகளை அளவின்றிப் பெருக்குதலும் தகாது. செறிவை இருமடங்காக்கின் சேமிக்கும் இடம் நான்கு மடங்காகும்.

பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஓலையே தரும் இவ்வையங்களோடு படம் தரும் ஐயமும் சேருமாயின், பாடங்காண்பது எங்ஙனம்? நம் ஏடு கையிலிருந்தமையின் மீண்டும் எடுத்தோம், ககரமெனத் தெளிந்தோம். ஏடு பொடியானபின் படமே சான்றாகும். ஆதலின், நண்பர்காள், காமிராவைக் கையிலெடுக்குமுன் எழுத்தின் கீற்றை அளப்போமாக.