நொடிக்குப் பன்னிரண்டு படம்

‘மாயா பஜார்’ (1957) படத்தில் கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் பாட்டைப் பார்க்காத தமிழர் குறைவு. லட்டுகள் தாமாகவே எழுந்து அவர் வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம் அது. வடபழனி விஜயா வாஹினி ஸ்டூடியோவில், கே.வி. ரெட்டி இயக்கத்தில், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவில் எடுத்த படம். லட்டைக் கொஞ்சம் நகர்த்துவது, கேமராவை ஒரு ஃபிரேம் ஓட்டி நிறுத்துவது, மறுபடி நகர்த்துவது என்று பொறுமையாக எடுத்த வித்தை அந்தக் காட்சியில் இருக்கிறது. இந்த வித்தைக்குப் பெயர் ஸ்டாப் மோஷன்.

அதே வடபழனியிலிருந்து மேற்கே வந்து போரூரைத் தாண்டினால் பூந்தமல்லி. அதை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் கோடிக்கணக்கில் செட் போடுகிறார்கள். நான் இங்கே சொல்ல வருவது ஒரு மேசையும் ஒரு மொபைலும் இருந்தால் எடுக்கக்கூடிய சினிமாவைப் பற்றி. தனி ஆளாகப் படம் எடுக்க நினைக்கிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. இதைவிட உழைப்பைக் கேட்பதும் கிடையாது.

கண்ணில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதால்தான் சினிமா ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கம் போதாது. பிம்பம் தங்கினால் அடுத்த படத்தோடு கலந்து குழம்பத்தான் செய்யும், ஓடாது. 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் தன் ஆய்வை வெளியிட்டார். இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே போவதாகவே பார்ப்பவருக்குத் தெரிகிறது என்று அதில் காட்டினார். நடுவில் இல்லாத அசைவை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஸ்டாப் மோஷன் கலைஞர் பார்வையாளரின் மூளையிடம் பாதி வேலையை ஒப்படைக்கிறார். எந்தப் பாதியை ஒப்படைப்பது என்பதில்தான் கைத்திறமை.

அதே 1912இல் தாதாசாகேப் பால்கே லண்டனில் வில்லியம்சன் கேமரா வாங்கிவிட்டுப் பம்பாய் திரும்பினார். படம் எடுக்கப் பணமில்லை. ஒரு பட்டாணி விதை முளைவிட்டுச் செடியாவதை நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்துப் போட்டுக் காட்டினார். பார்த்தவர் கடன் கொடுக்க முன்வந்தார். அந்தப் பணத்தில் வளர்ந்ததுதான் 1913இல் வெளியான ‘ராஜா ஹரிச்சந்திரா’. செடி தானாக வளர்கிறது, நாம் இடைவெளி விட்டு எடுக்கிறோம் என்பதால் பட்டாணிப் படத்தை டைம் லாப்ஸ் என்பார்கள். பொருளை நம் கையால் நகர்த்தி எடுத்தால் அது ஸ்டாப் மோஷன். பால்கே அதையும் விடவில்லை; 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி ஒரு சிறு படம் எடுத்தார்.

கணக்கு எளிது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. எடுத்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். 3 நிமிடக் குறும்படம் என்றால் 2,160 படம். பிரிஸ்டல் நகரின் புகழ்பெற்ற ஆர்ட்மேன் ஸ்டூடியோவில்கூட ஓர் அனிமேட்டர் ஒரு நாளில் சில நொடிகளைத்தான் முடிக்கிறார்.

பொம்மை ஒன்று மேசைமேல் இருக்கும் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் அரை நொடி, அதாவது 6 படம். கைக்கும் டம்ளருக்கும் இடையே 60 மில்லிமீட்டர். ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பத்து மில்லிமீட்டராக நகர்த்தினால் மெஷினின் தண்டு நீள்வது மாதிரி இருக்கும். மனிதக் கை மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, பொருளின் கிட்டே வந்ததும் தயங்கும். ஆகவே 4, 10, 16, 16, 10, 4 என்று நகர்த்த வேண்டும். டம்ளர் சூடாக இருக்கிறது என்று காட்ட வேண்டுமா? கடைசி 4 மில்லிமீட்டரை இரண்டு படமாகப் பிரித்து, விரலை ஒரு படம் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தொடவைக்க வேண்டும். டம்ளருக்குப் பதில் தண்ணீர் நிறைந்த குடமா? கை அசைவதற்கு ஒரு படம் முன்னாலேயே தோள் சாய வேண்டும். பார்ப்பவர் மில்லிமீட்டரைப் பார்ப்பதில்லை; சூட்டையும் கனத்தையும் உணர்கிறார். குடத்திலிருந்து தண்ணீர் கொட்டுவதுதான் இன்னும் கடினம். நிஜத் தண்ணீர் இரண்டு படத்துக்கு நடுவில் நமக்காக நிற்காது. கண்ணாடித் தாளை முறுக்கித் தாரையாக வைப்பார்கள்; துளிக்குக் கிளிசரின்.

வெளிச்சம்தான் புதியவரை முதலில் தோற்கடிக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. வேகமான ஷட்டரில் எடுத்தால் ஒரு படம் பிரகாசத்திலும் அடுத்தது மங்கலிலும் சிக்கிக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தால் காட்சி முழுவதும் மினுக்கும். பொம்மை அசையாமல் நிற்கும்போது அவசரம் எதற்கு? ஷட்டரைக் கால் நொடி திறந்து வைத்தால் 25 துடிப்புகள் சேர்ந்து சமமாகிவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வோல்டேஜ் ஏறி இறங்குவது பழகிய தொல்லை. அதற்கு மருந்து, பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு. மொபைலில் எடுப்பவர் எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் மொபைல் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அதில் பட்ட வெளிச்சம் பொம்மை முகத்தில் வந்து போகும், ஆகவே கறுப்புச் சட்டை. மின்விசிறி கூடாது, காகிதப் பொம்மை பறந்துவிடும். அம்பத்தூர் வழியே போகும் எம்.டி.எச். ரோடு ஓரத்தில் வீடு என்றால் லாரி போகும்போதெல்லாம் மேசை நடுங்கும். நான் அம்பத்தூரில் வசிப்பதால் சொல்கிறேன், இந்த வேலைக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் தோது, தரைத்தளம்தான் தோது.

ஸ்டில் கேமராவில் எடுத்தால் தரம் வராது என்று நினைக்க வேண்டாம். டிம் பர்ட்டனின் ‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) படத்தையே கேனன் ஸ்டில் கேமராக்களில்தான் எடுத்தார்கள்.

இனி பொம்மை. கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் எண்ணெய்க் களிமண் காயாது, விரல் சொன்னபடி கேட்கும். ஆனால் மே மாதச் சென்னையில் அது குழைந்து சரியும். மெழுகை உருக்கிக் கொஞ்சம் சேர்த்தால் இறுகும். எடுப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் வைத்தாலும் சற்று நேரம் தாங்கும். வெறும் களிமண்ணில் செய்த பொம்மை இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் மடிந்து விழுந்துவிடும். உள்ளே எலும்பு வேண்டும். இரண்டு அலுமினியக் கம்பியை டிரில்லில் மாட்டி முறுக்கி, முழங்கை, முழங்கால் போன்ற மூட்டுகளுக்கு இடைப்பட்ட மடங்கக்கூடாத பகுதிகளில் எம்-சீல் வைத்துக் கட்டிவிட்டால் மலிவான எலும்புக்கூடு தயார். அதன் குறை, ஒரே இடத்தில் மடக்கி மடக்கிக் கம்பி கடைசியில் முறியும். அது பெரும்பாலும் ஒரு ஷாட்டின் நடுவில்தான் முறியும்.

முறியாத எலும்புக்குப் பந்து மூட்டு வேண்டும். இந்த இடத்தில் எங்கள் அம்பத்தூர் வட்டாரத்தின் பலம் தெரிகிறது. சைக்கிளும் வாகன உதிரிபாகமும் செய்து பழகியது அம்பத்தூர். 1960களிலிருந்து பக்கத்து ஆவடியில் ராணுவ டாங்க் செய்கிறார்கள். தொழிற்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் ஒரு லேத்தை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் ஏராளம். ஸ்டாப் மோஷன் மூட்டு அவர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. இரண்டு சிறிய தகடுகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு துளை. இரு முனைகளிலும் தகடுகளுக்கு நடுவில் ஒவ்வொரு பந்து உட்காரும், நடுவில் ஒரு திருகு. திருகை இறுக்கினால் மூட்டு கெட்டியாகும், தளர்த்தினால் இளகும். கையால் தள்ளினால் நகர வேண்டும், விட்டதும் அங்கேயே நிற்க வேண்டும். அந்தப் பதத்துக்குத் திருகுவதுதான் சூட்சுமம். பந்துக்கு பேரிங் குண்டு போதும். ஆனால் அது கடினப்படுத்திய எஃகு; அப்படியே துளையிட முயன்றால் டிரில் பிட் தேயும், குண்டு அசையாது. சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் எஃகு இளகிக்கொடுக்கும். பிறகு துளையிட்டுக் கம்பியைச் செருகி வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். இதை எந்த டர்னரிடமும் விளக்க வேண்டியதில்லை. படத்தை வரைந்து காட்டினால் அவரே சொல்லுவார். பொம்மை நிற்பதற்கு மேசைமேல் இரும்புத் தகடு போட்டுப் பாதத்தில் காந்தம் வைக்கலாம், அல்லது அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கலாம்.

பொம்மை பேச வேண்டுமென்றால் முதலில் குரலைப் பதிவு செய்து, எந்த எழுத்து எத்தனையாவது படத்தில் விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ற வாய்களை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஆங்கிலத்துக்குத் தயாரித்த வாய் அட்டவணைகள்தான் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே தமிழுக்கு வைத்தால் உதடு பொய் பேசும். ‘அம்மா’ என்பதை அரை நொடியில் சொன்னால் 6 படம். ஒரு திறந்த வாய், இரண்டு மூடிய வாய், மூன்று அகலத் திறந்த வாய். ‘ம்ம’ இரட்டிப்பதால் மூடிய வாய் இரண்டு படமாவது நிற்க வேண்டும். ஒன்றோடு விட்டால் ‘அமா’ என்றுதான் தெரியும். ‘அப்பா’, ‘தம்பி’, ‘சும்மா’ எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. தமிழில் படம் எடுக்கிறவர் தன் அட்டவணையைத் தானே செய்துகொள்வது நல்லது.

பொம்மையே வேண்டாம் என்றும் படம் எடுக்கலாம். சோதனை முயற்சிகளுக்கு இந்தத் துறையைப் போல இடம் கொடுப்பது வேறில்லை. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கறுப்புக் காகிதத்தை வெட்டி, மூட்டு வைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி 1926இல் ஒரு முழுநீளப் படமே எடுத்தார். தோல்பாவைக் கூத்து பார்த்த ஊருக்கு இது அந்நியமான கலையே அல்ல. திரைக்குப் பின்னால் ஓடுகிற பாவையை மேசைமேல் படுக்கப் போட்டு எடுப்பதுதான் வித்தியாசம். அனிமேஷன் கலைஞர் கரோலின் லீஃப் கண்ணாடிமேல் மணலைப் பரப்பி விரலால் கலைத்துக் கலைத்துப் படமெடுத்தார். நம் வீட்டில் கோலமாவு இருக்கிறது. கறுப்புப் பலகையில் மாவைத் தூவி, புள்ளியிலிருந்து ஒரு கம்பி கிளம்பி வளைந்து அடுத்த புள்ளியைச் சுற்றுவதை 12 படத்தில் எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த சோதனை முயற்சிகளில் மிக அழகாக வரக்கூடியது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

மனிதர்களையே பொம்மையாக்குவது இன்னொரு வகை. அதற்குப் பிக்ஸிலேஷன் என்று பெயர். ஆள் குதிக்கிறார், அந்தரத்தில் இருக்கும்போது ஒரு படம். ஓரடி தள்ளி மறுபடி குதிக்கிறார், இன்னொரு படம். ஓட்டினால் அவர் தரையில் கால் படாமல் மிதந்து போவார். கனடாவின் நார்மன் மெக்லாரன் ‘நெய்பர்ஸ்’ (1952) படத்தில் இதைச் செய்து ஆஸ்கர் வாங்கினார். அவர் 1957இல் எடுத்த ‘எ சேரி டேல்’ என்ற நாற்காலிக் கதைக்கு இசை பண்டிட் ரவிசங்கர். நம் நாட்டில் இதைத் துணிச்சலாகக் கையாண்டவர் ஃபிலிம்ஸ் டிவிஷனில் இருந்த பிரமோத் பதி. செக் நாட்டுப் பொம்மைப் பட மேதை இர்ஷி த்ரின்காவிடம் பயின்று திரும்பியவர். ஓவியர் ஆபித் சூர்த்தியை ஓர் அறைக்குள் விட்டு, அவரும் வண்ணங்களும் துள்ளித் துள்ளி நகர்வதாக ‘ஆபித்’ என்ற படத்தை எடுத்தார். அரசு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு அப்படி ஒரு படம் எடுத்திருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

பொம்மைப் படத்துக்கும் நம் நாட்டில் உதாரணம் உண்டு. அனிமேஷன் இயக்குநர் சுரேஷ் எரியாட் தன் ஈக்சாரஸ் ஸ்டூடியோவில் பல ஆண்டு உழைத்து ‘டோக்ரி’ என்ற ஸ்டாப் மோஷன் குறும்படத்தை எடுத்தார். அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்ட சிறுமி, அதைச் சரிசெய்யத் தெருவில் கூடை விற்கப் போகும் கதை. 2017ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதைப் பெற்றவற்றில் அதுவும் ஒன்று. குறும்படங்களுக்கும் அனிமேஷனுக்குமான மும்பை சர்வதேச விழா 1990இலிருந்து நடக்கிறது. படம் முடிந்தால் அனுப்ப இடம் இருக்கிறது.

தொடங்க நினைப்பவர் 3 நிமிடத்தில் தொடங்க வேண்டாம். 10 வினாடி, 120 படம், ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு செயல். அதை முடித்துவிட்டு அடுத்த கதையை யோசிக்கலாம். கடைசியாகத் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டைவிரல் அளவு மூட்டுக்கு ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், இரண்டு பீஸுக்காக மெஷினை செட் பண்ண முடியாது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கால் மணி ஒதுக்கிச் செய்து கொடுங்கள்.