மையர் என்னும் பெயர்

"குடும்பப் பெயர் யாது?" வடநாட்டில் குடியேறிய நம்மவருள் இக்கேள்விக்குத் தப்பியவர் அரியர். ரயில்வே அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் எழுதியே காலம் கழிக்கும் நாமும், மகனைப் பள்ளியில் சேர்த்த அன்று, அந்தக் கட்டத்தில் எதை எழுதுவதென்று பேனாவும் கையுமாய் விழித்தோம். முடிவில் நம் பெயரையே எழுதினோம். பிறநாட்டார் குடும்பப் பெயர்களை ஆராயும் அவா அன்று பிறந்தது. அவற்றுள் சுவை மிக்கது ஜெர்மானியரின் 'மையர்'.

'மாயோர்' என்னும் லத்தீன் சொல்லுக்குப் பெரியவர் என்பது பொருள். அரண்மனைக் காரியங்களை நடத்தியவரை 'வீட்டின் பெரியவர்' என்றனர். பிராங்கியர் நாட்டில் அப்பதவி வகித்த பெப்பின், 751-இல் அரசரை நீக்கித் தாமே முடிசூடினார். நகரத் தலைவரைக் குறிக்கும் 'மேயர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இவ்வேரில் கிளைத்ததே.

ஜெர்மன் நாட்டுப்புறத்தில் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்துக் குடியானவரிடம் வாரம் வாங்கிய காரியஸ்தரே மையர். பண்ணைகள் பல, ஆகவே மையர்களும் பலர். மேட்டுப் பண்ணைக்காரர் 'ஓபர்மையர்', பள்ளத்துப் பண்ணைக்காரர் 'நீடர்மையர்' ஆயினர். எழுத்திலும் பல வேறுபாடுகள் உண்டு. பௌதிக அறிஞர் ராபர்ட் மையர் (1814–1878), ரசாயன அறிஞர் லோத்தர் மையர் (1830–1895) இருவர் பெயரும் ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு.

இனி வியப்பைக் கேளுங்கள். யூதர் பலருடைய மையர் வேறு பிறப்புடையது. எபிரேய மொழியில் 'மேயிர்' என்றால் ஒளி தருபவன். நம்மைப் போலவே யூதர் பலரும் தந்தை பெயரைச் சேர்த்து வழங்கிவந்தனர். 1787-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பும், 1812-இல் பிரஷ்ய அரசும், அவர்கள் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டனர். மேயிர் என்பது மையராக ஏட்டில் ஏற, ஒலி ஒற்றுமை துணை நின்றது. 1956-இல் இஸ்ரேலின் வெளிநாட்டு மந்திரியான கோல்டா மேயர்சன் அம்மையார், தம் பெயரை 'மேயிர்' என்று எபிரேய வடிவில் திருத்திக்கொண்டார்.

ஒரே பெயர், ஒரு வீட்டில் அது பண்ணை உத்தியோகம், மற்றொரு வீட்டில் ஒளி. எழுத்தைப் பார்த்து இதை அறிய இயலாது. வீட்டுப் பெரியவர் சொல்லியே அறிய வேண்டும். நம் பெயரையும் நாளை நம் பேரப்பிள்ளைகள் குலப்பெயரென்றே எண்ணக்கூடும் அல்லவா?

ஆதலின் அன்பர்களே, படிவத்தில் எதை எழுதினாலும் எழுதுங்கள். அது வந்த வழியையும், பாட்டன் பூட்டன் பெயரையும், சொந்த ஊரையும் வீட்டுக் குறிப்பேட்டில் இன்றே எழுதிவையுங்கள். நாம் எழுதிவிட்டோம்.